பிரிட்ஜ் இல்லாத வீடு, நாலு பேர், ஒரு அடுப்பு

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் வீடு எடுத்திருக்கும் முதலாம் வருட மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: "நாங்கள் நாலு பேர். நானும் இன்னொருவனும் ஹட்டன், ஒருவன் கிண்ணியா, ஒருவன் மல்லாவி. ஒரு ரைஸ் குக்கர் இருக்கிறது, ஒற்றை அடுப்போடு ஒரு கேஸ் சிலிண்டர் இருக்கிறது, பிரிட்ஜ் இல்லை. மூன்று நேரமும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல் நாங்களே சமைக்கத் தொடங்கினோம். இரண்டு தடவை எல்லோருக்கும் வயிற்றோட்டம். கறி அடிக்கடி பழுதாகிறது. சண்டையும் வருகிறது. பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கினால் சரியாகுமா?"

தம்பி, உங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. பருப்பும் முட்டைப் பொரியலும் தெரிந்தவன் கம்பஸில் ஒரு வருடத்தை ஓட்டிவிடுவான். உங்களுக்குப் பிடிபடாதது இந்த ஊர் வெக்கை. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே இரவு வைத்த கறி காலையிலும் அப்படியே இருக்கும். இங்கே கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மத்தியானம் வைத்த பால்கறி பின்னேரமே நூல் விடும். அம்மா சொல்லித் தந்த சமையலில் பிழையில்லை. எதை எந்த நேரத்தில் ஆக்கி எந்த நேரத்துக்குள் முடிப்பது என்பதை மட்டும் இங்கே புதிதாகப் பழக வேண்டும்.

நான் இங்கே விவசாய பீடத்தில் படித்துவிட்டுச் செங்கலடியிலேயே தங்கிவிட்ட ஆள். எங்கள் வளவில் இருக்கும் சின்ன வீட்டில் எப்போதும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் வாடகைக்கு இருப்பார்கள். அதனால் இந்தக் கதை எல்லாம் குசினி யன்னல் வழியாகவே எனக்குத் தெரியவரும்.

முதலில் சோறு. வயிற்றோட்டத்துக்கு எல்லோரும் மீனைத்தான் குற்றம் சொல்வார்கள். என் ஊகம், உங்கள் விஷயத்தில் ரைஸ் குக்கர்தான். இரவு எட்டு மணிக்குச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மூடியோடு குக்கரிலேயே விட்டு, சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவீர்கள். காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே வியர்த்த தண்ணீர் சோற்றில் சொட்டும். சோறு ஓரத்தில் இளகி, இலேசாகப் பிசுபிசுக்கும். மணம் வராவிட்டால் அதையே முட்டை போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டு லெக்சருக்கு ஓடுவீர்கள். அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் இயல்பாகவே இருக்கும். கொதி தண்ணீரில் அவை சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது விடுகிற நஞ்சுகளில் வாந்தியை உண்டாக்குகிற ஒன்றைத் திரும்பச் சூடாக்கியும் அழிக்க முடியாது. அதனால் "நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே சாப்பிட்டோம்" என்பது இங்கே செல்லாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நேரத்துக்கு ஒரு நேரச் சோறு ஆக்குங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு முக்கால் சுண்டு போதும், விளையாடிவிட்டு வருகிற நாளில் ஒரு சுண்டு. ரைஸ் குக்கர் 700 வாட் என்றால் அரை மணித்தியாலத்துக்கு மின்சாரம் 0.35 அலகுதான். இரண்டு தடவை ஆக்கினால் வீட்டுக்காரர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. குக்கரோடு வந்த ஆவித்தட்டை எங்காவது மூலையில் போட்டிருப்பீர்கள், தேடி எடுங்கள். சோறு வேகிற நேரத்தில் மேலே கழுவிய முட்டை நாலு, உருளைக்கிழங்கு, பூசணித் துண்டு எல்லாம் அவிந்துவிடும். ஒற்றை அடுப்பு வீட்டில் அது இரண்டாவது அடுப்பு மாதிரி.

மிஞ்சினால்? பழஞ்சோறு. சாப்பிட்டு முடிந்த கையோடு, சோற்றைக் கிளறி ஆறவிட்டு, சட்டியில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மூழ்க வையுங்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். விடிவதற்குள் மெல்லப் புளித்துவிடும், அந்தப் புளிப்புத்தான் மற்றக் கிருமிகளுக்குத் தடை. காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தயிர் சேர்த்துப் பிசைந்தால், வெயிலில் சைக்கிள் மிதித்துப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல காலைச் சாப்பாடு கிடையாது. சிவப்பு அரிசி என்றால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் புளிப்பு மணம் வேறு, பழுதான மணம் வேறு. தொட்டால் வழுவழுத்தால் கொட்டுங்கள்.

மல்லாவித் தம்பி வீட்டில் வயல் இருந்தால், பெரும்போக வெட்டு முடிகிற பெப்ரவரி, மார்ச்சில் ஒரு மூடை அரிசி கொண்டுவரச் சொல்லுங்கள். கடை அரிசியைவிட ருசியாகவும் இருக்கும், சோற்றுச் செலவும் குறையும். ஊர் மில்லில் குத்திய அரிசியில் கல் இருக்கும், அரிக்கப் பழக வேண்டும். அந்த அரிசிக்குரிய காசை மற்ற மூன்று பேரும் கணக்கில் போட்டுக்கொள்வது மரியாதை. "வீட்டு அரிசிதானே" என்று சும்மா விட்டால், நாலு மாதம் கழித்து வேறு ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் அது சண்டையாக வரும்.

அடுத்தது தேங்காய். இங்கே கறி பழுதாவதற்கு அநேகமாக இதுதான் காரணம். பால் விட்ட கறி எதுவும் ஒரு நேரக் கறிதான். காலையில் வைத்த பால்சொதியை இரவுக்கு வைத்திருக்க நினைக்காதீர்கள். தேங்காயைப் பாதி பாதியாக எடுப்பதென்றால் கண் உள்ள பாதியை முதலில் திருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த நாள் வரை தாங்கும். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறிய பிறகு எங்கள் வீட்டிலேயே பாதியை எறிய மனம் வருவதில்லை. நாள்தோறும் தேங்காய் திருவ நேரமில்லை என்றால் தேங்காய்ப்பால் மா ஒரு பைக்கற் வைத்திருங்கள். ருசி கொஞ்சம் குறையும், ஆனால் பழுதாகாது. ஊர்ப்பெண்கள் இதைக் கேட்டால் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

பால்கறிக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் பிழிவான கப்பிப் பாலில் கறியை அவிய விட்டு, முதல் பாலை இறக்குகிறதுக்குச் சற்று முன் விட்டு, ஒரு கொதி தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது விட்டால் திரைந்துவிடும். இது ஒன்று சரியாக வந்தால் வாழைக்காயோ, உருளைக்கிழங்கோ, கத்தரிக்காயோ, சூடை மீனோ எதைப் போட்டாலும் சொதி சொதியாக இருக்கும்.

இனி மீன். மட்டக்களப்புக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் சோயா மீற்றிலேயே காலம் தள்ளுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உங்களுக்குக் கிழக்கே களுவன்கேணிக் கடற்கரை. வடக்கே போனால் வாழைச்சேனைத் துறைமுகம். செங்கலடிச் சந்தைக்கு மீன் வரும், பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கும் வரும். விலை குறைந்த சூடை, கீரி, கும்பளா இவற்றிலேயே சத்துக்குக் குறைவில்லை. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு அமுக்கினால் குழி விழாமல் இருக்க வேண்டும். இது எல்லோரும் சொல்கிறதுதான்.

பலர் சொல்லாத ஒன்று இருக்கிறது. சூரை, கும்பளா, சூடை, கீரி போன்ற மீன்கள் வெக்கையில் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஏறிவிடும். கறி வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடிக்கும். வாயில் மிளகு கடித்த மாதிரி ஓர் எரிவு வரும். அப்படி ஒரு எரிவு நாக்கில் பட்டால் தட்டை மூடிவிடுங்கள், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆகவே காலையில் மீன் வாங்கி, கழுவாமல் பையோடு வைத்துவிட்டு, பின்னேரம் லெக்சர் முடிந்து வந்து சமைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். சமைக்கக் கையும் நேரமும் இருக்கிற போதுதான் மீன். பின்னேரம் நிற்கிற மீனில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டித் தரச் சொல்லுங்கள், கொஞ்சக் காசு கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம். பேத்தை மீனைப் பற்றி ஒரே வார்த்தை: தொடாதீர்கள். பக்குவம் தெரியும் என்று சொல்லிச் சமைத்துத் தருகிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம். அதன் நஞ்சு நெருப்புக்கும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

பிரிட்ஜ் இல்லாத வீட்டு மீன் கறி என்றால் கொறுக்காய் என்ற காய்ந்த புளி போட்டதுதான். அரைக் கிலோ சூரையைத் தடித்த துண்டுகளாக வெட்டிக் கழுவி எடுங்கள். கொறுக்காய் மூன்று நாலு துண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மசிய அரைத்து, மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், கறிவேப்பிலை சேர்த்து மீனில் பூசுங்கள். மண்சட்டியில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, சிறு நெருப்பில் வற்ற விடுங்கள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். தண்ணீர் முழுதும் வற்றித் துண்டுகள் கறுத்துக் கிடக்கும்போது இறக்க வேண்டும். தேங்காயும் இல்லை, ஈரமும் இல்லை, புளிப்பு ஏறி நிற்கிறது. அதனால் மறுநாள் மத்தியானம் வரை பயமில்லாமல் வைக்கலாம். சுடுசோறு, பருப்பு, இந்த மீன், ஒரு இலைச் சுண்டல் இருந்தால் கடைப் பார்சல் கண்ணில் படாது.

இலை என்றதும் நினைவு வருகிறது. முருங்கை இந்த ஊரில் வேலியில் நிற்கும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் முறித்துத் தருவார், கேட்காமல் முறித்தால் மறுகா கிணற்றடியில் வைத்து ஏசுவார். வல்லாரை, பொன்னாங்காணி சந்தையில் கட்டாக இருக்கும். பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பூ சேர்த்து இரண்டு நிமிடம் நெருப்பில் பிரட்டி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை: மைசூர்ப் பருப்பு, நெத்தலிக் கருவாடு, முட்டை, மாசி, வெங்காயம், செத்தல் மிளகாய், புளி. இவற்றில் ஒன்றுக்கும் பிரிட்ஜ் தேவையில்லை. அதோடு சீனிச் சம்பல் ஒரு போத்தல். தேங்காய்ச் சம்பல் அரைத்த நேரத்துக்குத்தான். சீனிச் சம்பல் என்றால் ஒரு கிழமைக்கு நிற்கும், பாணுக்கும் சரி, சோற்றுக்கும் சரி. பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, எண்ணெயில் சிறு நெருப்பில் பழுப்பாகும் வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெடியன்கள் அவசரப்படுவார்கள். வெங்காயத்தின் ஈரம் முழுதும் போகாவிட்டால் இரண்டாம் நாளே புளித்துவிடும். பிறகு இடித்த செத்தல் மிளகாய், மாசி, கறுவா, ஏலம், கொஞ்சம் புளிக்கரைசல், கடைசியாகச் சீனி, உப்பு. எண்ணெய் பிரிந்து வந்ததும் ஆறவிட்டு, காய்ந்த போத்தலில் போடுங்கள். ஈரக் கரண்டி போடுகிறவனுக்கு அந்தக் கிழமை முழுக்கச் சட்டி கழுவுகிற வேலை.

காலைக்குக் கௌபியோ பயறோ இரவே ஊறப் போட்டுவிட்டால், விடிய ரைஸ் குக்கரிலேயே அவித்துவிடலாம். தேங்காய்ப் பூவும் உப்பும் போட்டு, கட்டைச் சம்பலோடு சாப்பிட்டால் பதினொரு மணிக்குக் கன்ரீன் பக்கம் கால் போகாது. இடியப்பம் மட்டும் நீங்கள் செய்யப் போகாதீர்கள். காலையில் அவித்து விற்கிற வீடுகள் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும், அவர்களுக்கும் ஒரு வருமானம்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண்சட்டியில் உறைந்த தயிர் பிரிட்ஜ் இல்லாமலே ஒரு நாள் நிற்கும், கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். சோறு, தயிர், வாழைப்பழம், மேலே கொஞ்சம் சீனி. சமைக்க மனமில்லாத இரவுக்கு எங்கள் ஆட்கள் பிசைகிறது இதைத்தான். நீங்கள் சாப்பிடுகிற தயிர் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்கிற மாடுகளின் பாலாகவும் இருக்கலாம். அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தயிர் விற்கிற ஐயாவிடம் பேச்சுக் கொடுங்கள், அவரே சொல்வார்.

கிண்ணியாத் தம்பி இருப்பதால் ஒரு வேலை சுலபமாகிறது. கோழியோ இறைச்சியோ ஏறாவூரில் ஹலால் கடையில் வாங்குங்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர் உங்களில் இருந்தால் அன்றைக்கு நாலு பேருக்குமே மரக்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் சரிவராது. நோன்பு மாதத்தில் சமையல் நேரத்தை மாற்றுங்கள். விடியப் புறம் சஹருக்கு அவன் எழும்பும்போது சோறு இருக்க வேண்டும், இரவுப் பழஞ்சோறு அதற்கு உதவாது. இரவே அரிசியைக் கழுவிப் பக்கத்தில் வைத்துவிட்டால் அவன் எழும்பித் தண்ணீர் விட்டுச் சுவிட்சைப் போடுவதுதான் வேலை. பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்தில் அவனோடு இருந்து கஞ்சி குடியுங்கள். நோன்புக் கஞ்சி ஒன்றுக்காகவே அந்த மாதத்தை எதிர்பார்த்திருக்கிற இந்துப் பெடியன்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

இனிச் சண்டை. நாலு பேரில் ஒருவனுக்கு நன்றாகச் சமைக்க வரும், அவன் தலையிலேயே எல்லாம் விழும். முதல் செமஸ்டர் முழுக்கச் சந்தோஷமாகச் செய்வான், இரண்டாவதில் கரண்டியை எறிவான். அதனால் ருசி குறைந்தாலும் முறை வைத்துச் செய்யுங்கள். இரண்டு பேர் வாங்கிச் சமைக்கிற கிழமை, மற்ற இரண்டு பேர் கழுவிக் கூட்டுகிற கிழமை. சமைத்தவன் சட்டி கழுவக் கூடாது, இதில் தளர்வே வேண்டாம். சட்டியை இரவே கழுவ வேண்டும், காலைக்கு வைத்தால் கரப்பானும் எறும்பும் வரும், அடுத்த சமையல் அரை மணி பிந்தும், பிறகு எல்லோரும் கடைக்கு ஓடுவீர்கள்.

காசுக்கு ஒரு டின், ஒரு கொப்பி. மாதம் பிறந்ததும் நாலு பேரும் ஒரே தொகையைப் போடுங்கள். யார் எத்தனை நேரம் சாப்பிட்டான் என்று எண்ணுகிற வீடுகள் நிலைப்பதில்லை. ஊருக்குப் போய் ஒரு கிழமைக்கு மேல் நிற்கிறவனுக்கு மட்டும் அடுத்த மாதம் கழித்துக் கொடுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது நல்ல விஷயம்தான். ஆனால் அது சாப்பாட்டுக்கே முழுதாகப் போதாது என்பது உங்களுக்கே தெரியும், அது பிந்தி வருகிற மாதங்களும் உண்டு. உங்களில் ஒருவனுக்கு வீட்டிலிருந்து காசு வருவது கஷ்டம் என்றால், அவன் டின்னில் குறைத்துப் போட்டு, சமையலில் ஒரு நாள் கூடச் செய்வதில் பிழையில்லை. அதை நாலு பேருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குப்பிக்கு, அதாவது கூட்டாகப் படிக்க, வருகிற பட்ச்காரருக்கு பிளேன்ரீ மட்டும், பிஸ்கட்டை அவர்கள் கொண்டுவரட்டும்.

கார்த்திகை தொடக்கம் தை வரை மழை. கடல் கொந்தளித்தால் மீன் வராது, வந்தாலும் விலை கைக்கு எட்டாது. வெள்ளம் ஏறினால் கிணறும் கலங்கும். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள், நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வருகிற காலம் அது. கரன்ட் போய் ரைஸ் குக்கர் நின்றால் கேஸில் வடிசோறு ஆக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதை வெயில் நாளிலேயே பழகுங்கள். 2022இல் கேஸ் வரிசை நின்ற காலத்தில் வீட்டுக்காரர்களிடம் கேட்டு வளவில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்த பிள்ளைகள் இருந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு மூலை இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்தால் நல்லது.

பிரிட்ஜுக்கு வருகிறேன். இப்போது வாங்காதீர்கள். மிச்சக் கறியை அதற்குள் தள்ளிவிட்டு மறந்துவிடுவீர்கள், கரன்ட் பில்லில் வீட்டுக்காரரோடு பேச்சு வளரும், கடைசி வருடத்தில் அது யாருக்கு என்ற கேள்வி வேறு. அதற்குப் பதில் மூடியோடு ஒரு நல்ல றிஜிபோம் பெட்டி வாங்குங்கள். மீன் வாங்குகிற நாளில் மீன்காரரிடமே ஐஸ் கொஞ்சம் கேட்டு வாங்கி, மீனுக்கு மேலும் கீழும் போட்டு மூடினால் இரண்டு மூன்று மணித்தியாலம் கவலையில்லை. ஐஸ் உருகிய தண்ணீர் மீனில் ஊறாமல் இருக்க, பெட்டியின் அடியில் ஒரு கம்பித் தட்டை வையுங்கள்.